கன்னத்தில் ஒரு கறுப்புத் துளி

மகளை உள்ளே விட்டுவிட்டு வந்து இருபத்திரண்டு நிமிஷம் ஆகிறது. கதவுக்கு மேலே மாட்டியிருக்கிற கடிகாரப்படி. அது சரியாக ஓடுகிறதா என்று யாரைக் கேட்பது, என் வாட்ச்சை வீட்டிலேயே விட்டுவிட்டேன், பெனிட்டாவை ஆட்டோவில் ஏற்றி உட்கார வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, நான் இவங்ககிட்டத் தனியா பேசிக்கிடுதேன்" என்றார் டாக்டர் ஜன்னத். வெளியே என்றால் இந்த நடைதான். எதிரும் புதிருமாக ஸ்டீல் நாற்காலிகள், நடுவில் ஒரு மீன் தொட்டி, சத்தத்தை அணைத்துவிட்ட டிவியில் எவளோ சேலை விற்கிறாள். பாளையங்கோட்டையில் இந்தத் தெருவில் நான் ஐந்நூறு தடவை நடந்திருப்பேன். இந்த மனநல ஆஸ்பத்திரி போர்டைக் கண்டதும் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவேன், டெலிபோன் ஆபீஸ் ரூத் கனகமணி அங்கே நுழைகிறாளே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். துயரத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுதினவள், துயரத்துக்கு மருந்து கொடுக்கிற கட்டடத்தைக் கண்டால் சாரி மாறுகிறாள். இருபத்துமூன்று நிமிஷம். பெனிட்டா என் ஒரே மகள், இருபத்தாறு வயது, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நாலு மாதத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்து இறங்கினாள், லீவா என்றேன், ஆமா என்றாள், அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். தலை வாரவில்லை. சோறு தட்டிலேயே காய்ந்தது. முதல் மாதம் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது, என் பிள்ளை ஆழமானவள் என்று. மூன்றாவது மாதம், மாடிக் கைப்பிடிச் சுவரில் கையூன்றிக் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். துணி எடுக்கப் போனேம்மா என்றாள். கொடியில் ஒரு துணிகூட இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக இங்கே கூட்டிவந்தேன். டாக்டர் பதினைந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். பதினைந்தும் தீர்ந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன், நேற்று முன்தினம் காலையில் வாஷ்பேசின் ஜல்லடையில் பாதி கரைந்த வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அவள் திரும்பக்கூட இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "இது வியாதி இல்லம்மா. நீதான எழுதியிருக்க. அந்தத் துளி தன்னால வெளிய வரணும்னு எழுதியிருக்கல்லா. மாத்திரையப் போட்டு அடச்சிட்டா எப்பிடி வரும்?" நான் வாயை மூடிக்கொண்டேன். வேறு என்ன செய்வது, எழுதியது நான்தானே, பழைய கட்டுரை ஒன்றில், பக்கம் நாற்பத்தேழு. டாக்டரிடம் இன்று உள்ளே போனதும் ஒப்பித்துவிட்டேன், மாத்திரை சாக்கடைக்குப் போனதையும் கட்டுரையையும். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இந்தத் தடவையும் போடலேன்னா வீட்டுல வச்சிப் பாக்கது சரியா வராதும்மா. அட்மிட் பண்ணணும். மாடியில நின்ன பிள்ளையை விட்டுட்டு நான் வீட்டுல போய்ச் சோறு திங்க முடியாது" என்றார். அப்படிப் பளிச்சென்று சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. பெனிட்டா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் என்னை வெளியே அனுப்பினார். என் மடியில் இந்தத் துணிப்பை இருக்கிறது. பைக்குள் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டுமா கூடாதா, அதுதான் இப்போது என் பிரச்சினை, இருபத்தைந்து நிமிஷமாக, இல்லை, நேற்று முன்தினத்திலிருந்தே.

ஜெராக்ஸ் தொண்ணூற்றிரண்டில் எடுத்தது. நான் அப்போது டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போன், எதிரில் சுவர் முழுக்க ஓட்டைகள், ஒரு வயரைப் பிடுங்கி இன்னொன்றில் சொருகினால் கோவில்பட்டிக்காரனும் பம்பாய்க்காரனும் பேசுவார்கள். பேச்சு ஆரம்பித்ததும் சுவிட்சைத் தள்ளிவிட்டு நாம் விலகிவிட வேண்டும், கேட்கக் கூடாது, அதுதான் வேலையில் முதல் நாள் சொல்லித் தந்தது. முப்பது வருஷம் அதைச் சுத்தமாகச் செய்தேன். ஓய்வு நேரத்தில் படித்தேன். ஐரோப்பாவைப் படித்தேன், ஏன் ஐரோப்பா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது, திருச்செந்தூரைத் தாண்டிக் கடலைக்கூட நான் பார்த்ததில்லை. கல்லூரியில் சரித்திரம் நடத்தின ஒரு பேராசிரியர் சென்னை நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார், இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும் என்றார், எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருந்த கடையில் கொடுத்து முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் போட்டேன். சிறுபத்திரிகைகளில் எழுதுகிற நாங்கள் எல்லாரும் அப்படித்தான் படித்தோம். ஐரோப்பா எங்களுக்கு ஜெராக்ஸாகத்தான் வந்தது, ஓரம் கறுத்து, நடுமடிப்பில் நாலு எழுத்து காணாமல் போய். அதிலிருந்துதான் எனக்கு உடம்புக்குள் ஓடுகிற நாலு ரசங்கள் தெரியவந்தன. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம். மண்ணீரலில் கறுப்புப் பித்தம் ஊறிப்போனவனுக்கு மனம் இருளும் என்று கிரேக்கர்கள் சொன்னார்கள். பெரிய காரியம் செய்தவர்கள் எல்லாம் ஏன் அந்தப் பித்தம் மிஞ்சினவர்களாகவே இருக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவர் கேள்வியும் கேட்டு வைத்தார், அதோடு பிடித்தது வினை. மடத்துத் துறவிகள் அதைப் பாவம் என்றார்கள், உச்சிவெயிலில் அறைக்குள் வருகிற பேய் என்றார்கள். அப்புறம் இத்தாலியில் படித்தவர்கள் அதையே வரம் என்றார்கள், சனிக்கிரகத்தின் பிள்ளைகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். நம் ஊரில் சனி பிடித்தால் எள் விளக்குப் போடச் சொல்வார்கள், நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், விளக்கும் கிடையாது, ஜெபம்தான். அங்கே சனி பிடித்தவன் படம் வரைந்திருக்கிறான். எனக்கு இது எவ்வளவு பிடித்துப்போனது என்று சொல்லி முடியாது.

அந்தப் புத்தகத்தில்தான் அந்தப் படம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனிக்காரர் ஒருவர் செம்புத் தகட்டில் கீறி அச்சடித்தது. பெரிய இறக்கையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். இறக்கை இருந்தும் பறக்கவில்லை. கன்னத்தைக் கையில் தாங்கியிருக்கிறாள், மறு கையில் கவராயம் சும்மா கிடக்கிறது. காலடியில் ஆணி, ரம்பம், இழைப்புளி, எல்லாம் தச்சன் சாப்பிடப் போன மாதிரி போட்டது போட்டபடி. எலும்பு தெரிகிற நாய் ஒன்று சுருண்டு தூங்குகிறது. தலைக்கு மேலே தராசு, மணற்கடிகாரம், மணி. எல்லா அளவுகோலும் இருக்கிறது, அளக்க அவளுக்கு மனம் இல்லை. இதெல்லாம் ஏற்கனவே ஆயிரம் பேர் எழுதினதுதான். நான் கண்டுபிடித்தது வேறு. அவள் இடது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், ஒரு சொட்டு. கறுப்பாக. யாருமே அதைப் பற்றி எழுதவில்லை. டியூட்டி முடிந்து வந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். உடம்புக்குள் தேங்கிய கறுப்புப் பித்தம் கண் வழியாக வெளியே வந்துவிட்டது, இதுதான் கலை, உள்ளே கிடந்தால் நோய், வெளியே வந்தால் ஓவியம், அது தன்னால் வரும்வரை காத்திருக்கிறவளின் படம் இது என்று எழுதினேன். 'ஒரு துளி கறுப்பு' என்று தலைப்பு வைத்தேன். முந்நூறு பிரதி அச்சாகிற ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. வந்த கடிதங்களை இன்னும் தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். மதுரையில் கூட்டம் போட்டார்கள், திருவனந்தபுரத்தில் ஒருவர் மலையாளத்தில் பெயர்த்தார், என்னைப் பார்த்தாலே துளி அம்மா என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். பெனிட்டா அப்பா மாரடைப்பில் இறந்த வருஷம், அவர் போய் நாற்பது நாள் ஆகியிருக்கும், நான் எழுந்து உட்கார்ந்தது இந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டுதான். கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள், வெள்ளைச் சேலையில் போய் ஒன்றரை மணிநேரம் பேசினேன். பெனிட்டா முன்வரிசையில் பள்ளிக்கூட யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு வாசகர் மட்டும் ஒரு தடவை கார்டு போட்டிருந்தார், சங்கரன்கோவில்காரர், என்னிடம் உள்ள படத்தில் துளி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையே அம்மா என்று. நல்ல பிரதியில் பாருங்கள் ஐயா என்று பதில் எழுதினேன். என்ன திமிர்.

நேற்று முன்தினம் மத்தியானம், மாத்திரையை ஜல்லடையில் பார்த்த அதே நாள், பதிப்பாளர் வைகுந்தன் சென்னையிலிருந்து போன் பண்ணினார். என் கட்டுரைகள் மொத்தமாகப் புத்தகம் போடுகிறார். "மேடம், அட்டைக்கு அந்தப் படத்த ஒரு மியூசியம் வெப்சைட்லருந்து எடுத்துட்டேன், மயிரிழை கூடத் தெரியுது, வாட்ஸப்ல அனுப்பியிருக்கேன், பாத்துட்டு ஓகே சொல்லுங்க" என்றார். இத்தனை வருஷம் நான் அதை வேறெங்கும் பார்க்கவில்லையா என்று கேட்டால், இல்லை, பார்க்கவில்லை, மனப்பாடமாகிவிட்டதை யார் எடுத்துப் பார்க்கிறார்கள். சமையல்கட்டில் நின்றபடியே திறந்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். கன்னத்தில் ஒன்றும் இல்லை. நிழலுக்காகக் கீறின மெல்லிய கோடுகள், அவ்வளவுதான். கண்ணில் ஒரு வெளிச்சம் இருக்கிறது, அழுகிற கண்ணே இல்லை அது, கோபமாக எதையோ யோசிக்கிற கண். இன்னும் பெரிதாக்கினேன். அப்புறம் ஜெராக்ஸ் கட்டை எடுத்து வந்து விரித்தேன். படம் இருக்கிற தாளில் துளி இருந்தது. அதற்கு முந்தின தாளைப் புரட்டினேன், அதே இடத்தில், இரண்டு வரிக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அதற்கு முந்தினதிலும். அடுத்ததிலும். நூற்றுச் சொச்சம் தாளிலும் அதே இடத்தில் அதே பொட்டு. கடைக்காரன் மிஷின் கண்ணாடியில் கோந்தோ எதுவோ சொட்டிக் காய்ந்து அழுக்கேறியிருக்கிறது, அவன் துடைக்கவில்லை, நான் அதை ஐரோப்பாவின் கண்ணீர் என்று எழுதிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல். ஒவ்வொரு தாளையும் படித்திருக்கிறேன், பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், அந்தப் பொட்டின் மேலேயே கோடு போட்டிருக்கிறேன், கண் அதைப் பார்த்ததே இல்லை. எழுத்துக்கு நடுவில் இருந்தால் அழுக்கு, கன்னத்தில் இருந்தால் கண்ணீர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் அப்படியே நிற்கிறேன். ஒரே ஒரு ஆறுதல் தோன்றியது, அதுவும் கேடுகெட்ட ஆறுதல். கறுப்புப் பித்தம் என்று ஒன்று உடம்பிலேயே கிடையாது. எத்தனையோ பேரை அறுத்துப் பார்த்தார்கள், சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, கறுப்பை ஒருவரும் காணவில்லை. இரண்டாயிரம் வருஷமாக ஒரு கண்டம் முழுக்க இல்லாத ஒன்றுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறது. அவர்களே அப்படி ஏமாந்தார்கள் என்றால் நான் எம்மாத்திரம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் அவர்கள் யாருடைய மகளும் மாடியில் போய் நிற்கவில்லை.

முப்பத்தொன்று. உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. டாக்டர் பேசுகிறாரா, இவள் பேசுகிறாளா, இல்லை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா. ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா அந்த அறையில், இருந்தது, பார்த்தேன், பச்சைப் பெயிண்ட் அடித்த கம்பி. சீ, என்ன நினைப்பு இது. நான் யோசிக்க வேண்டியது பையைப் பற்றி. ஜெராக்ஸ் கட்டை எடுத்துக் காட்டி, இந்தா பார், துளி என்று ஒன்று இல்லவே இல்லை, உங்கம்மா கடைக்காரன் அழுக்கைப் பார்த்து எழுதினவள், மாத்திரையைப் போடு என்று சொல்லிவிடலாம். நேற்று முழுக்க அதைத்தான் ஒத்திகை பார்த்தேன். ஆனால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியுமா. நாலு மாதமாக அவள் வாயிலிருந்து முழு வாக்கியமாக வந்தது அந்தக் கட்டுரை மட்டும்தான். அதையும் பிடுங்கிவிட்டால்? கிணற்றில் விழுந்தவள் பிடித்திருக்கிற கயிறு இற்றுப்போனது என்று மேலே நின்று கத்துவது எந்த ஊர் நியாயம். சொல்லாமல் விட்டால் மாத்திரை மறுபடியும் சாக்கடைக்குப் போகும், அட்மிட், அங்கே பூட்டுவார்களா, நான் கூட இருக்கலாமா. சொன்னால் கயிறு அறும். சொல்லாவிட்டால் கயிறு அவளை உள்ளே இழுக்கும். எழுத்தில் இப்படி மாட்டிக்கொண்டால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன். வேர்க்கிறது. மின்விசிறி நேராக என் தலைக்கு மேலேதான் சுற்றுகிறது.

"யாருக்குக் காட்ட வந்தியம்மா?" பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிறார். அறுபது வயதிருக்கும், களக்காட்டில் வாழைத்தார் வியாபாரமாம், வேட்டியில் வாழைக்கறை. மகளுக்கு என்றேன். "என் வீட்டுக்காரிக்கு. மருந்து வாங்கிட்டுப் போவ வந்தேன்." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "ஒங்க மக மாத்திரை திங்காளா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது, முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன. இல்லை என்று தலையாட்டினேன். "என் வீட்டுக்காரியும் திங்கமாட்டேன்னுட்டா. நான் ஒரு வேல செஞ்சேன். பொடிச்சி மீன் கொழம்புல போட்டுட்டேன். ஒரு மாசம் தெரியவே தெரியாது அவளுக்கு." என் மனசு அப்படியே அதில் போய் ஒட்டிக்கொண்டது. காப்பியில் போடலாமே, கசப்போடு கசப்பு. "அப்புறம்?" என்றேன். "சரியாத்தான் ஆனா. தூங்கினா, எந்திச்சா, கோழிக்குத் தீவனம் வச்சா. என்ன, ஒரு நாளு பொடிக்கதப் பாத்துட்டா. ரெண்டு வருசமாச்சி. இப்ப மாத்திரைய அவளே எடுத்துத் திங்கா. நான் ஊத்துனா மட்டும் எதையும் தொடமாட்டா. பச்சத்தண்ணியக்கூட அவளேதான் மோந்து குடிக்கா." அவர் சிரித்தார், சிரித்துவிட்டு மீன் தொட்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். காப்பி யோசனை போய்விட்டது. நாங்கள் இரண்டு பேர்தான் அந்த வீட்டில். நான் ஊற்றுகிற காப்பியை அவள் முகர்ந்து பார்க்க ஆரம்பித்தால் அப்புறம் என்ன இருக்கிறது.

வீட்டைப் பற்றி நினைத்தால் காலை நேரம்தான் முதலில் வருகிறது. நாலரைக்கு எழுந்துவிடுவேன், முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு மணிவரை எழுதுவேன், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், வீட்டில் யாரும் அந்தக் கதவைத் தட்டக் கூடாது, பெனிட்டா தவழ்கிற வயதிலேயே அவள் அப்பா அவளைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இந்த நாலு மாதத்தில் அதற்கும் கேடு வந்தது. ஐந்து மணிவாக்கில் நடையில் காலடிச் சத்தம் வரும். வரும், கொஞ்சம் நிற்கும், திரும்பிப் போய்விடும். பாத்ரூம் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் வாக்கியம் அறுந்துவிடும். கையில் பேனாவோடு எரிச்சலாக உட்கார்ந்திருப்பேன், அவள் திரும்பிப் போகிற சத்தம் கேட்டால்தான் அடுத்த வார்த்தை வரும். முப்பத்தாறு நிமிஷம். நோயாளியிடம் இவ்வளவு நேரம் பேசுவார்களா. போன தடவை பத்து நிமிஷம்தான். நல்லதா கெட்டதா. ஆண்டவரே, என்னத்தையாவது செய்து அவளைக் காப்பாற்றும், நான் வேண்டுமானால் எழுதுவதையே விட்டுவிடுகிறேன் என்று ஒரு ஜெபம் வாய்க்குள் வந்துவிட்டது, உடனே பயமும் வந்தது, கேட்டுவிட்டால்? எழுதுவதை விட்டுவிட என்னால் முடியுமா? இந்த நேரத்திலும் பேரம் பேசுகிற புத்தி பாருங்கள் எனக்கு.

"பெனிட்டா கூட வந்தவங்க, உள்ள வாங்க." நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எழுந்தேன், பை நழுவிக் கட்டு தரையில் விழுந்தது, களக்காட்டுக்காரர் எடுத்துப் பைக்குள் வைத்துத் தந்தார். இரண்டடிதான் கதவுக்கு, உள்ளே போனேன். பெனிட்டா அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், கண் சிவந்திருக்கிறதா, தெரியவில்லை, முகத்தை முடி மறைக்கிறது. டாக்டர், "உக்காருங்கம்மா. பெனிட்டா ஒண்ணும் பேசமாட்டேங்காங்க. அம்மா எழுதியிருக்காங்க, அதப் படிச்சிட்டு வாங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொன்னாங்க" என்றார். அவ்வளவுதான், முடிவு எடுக்க எனக்கு நேரமே இல்லை, கை தன்னால் பைக்குள் போய்விட்டது. கட்டின் சுருள் கம்பி முன்பே தளர்ந்தது, தாள்கள் கழன்றுகொண்டு வந்தன. டாக்டரின் மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தேன், சீட்டு ஆடுகிறவள் மாதிரி. படம் இருந்த தாள். முந்தின தாள். அடுத்த தாள். ஒவ்வொன்றிலும் விரலை வைத்துக் காட்டினேன், இங்கே, இங்கே, இங்கே. "அந்தத் துளி கண்ணீர் இல்ல பெனி. ஜெராக்ஸ் கண்ணாடியில இருந்த அழுக்கு. எல்லாத் தாள்லயும் இருக்கு பாரு. நான் தப்பா எழுதிட்டேன். அது தன்னால வெளிய வரும்னு நான் எழுதினது தப்பு, வராது, அப்பிடி ஒண்ணு இல்லவே இல்ல. நீ மாத்திரையப் போடு. என்னைத் திட்டு, என்ன வேணும்னாலும் சொல்லு, மாத்திரையப் போடு." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிற குரல்.

பெனிட்டா தாள்களைத் தொடவில்லை. முடியை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், நாலு மாதத்தில் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "தெரியும்மா" என்றாள். என்ன தெரியும் என்றேன். "அதுல துளி இல்லன்னு தெரியும். பிளஸ் டூ படிக்கும்போதே ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன்." "அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். "அப்பா செத்த வருசம்மா அது. நீ அந்தக் கட்டுரைய வச்சித்தான் எந்திச்சி நடமாடிட்டு இருந்த. எப்பிடிச் சொல்ல? சொன்னா நீ என்ன ஆவியோன்னு பயமா இருந்திச்சி." பதினேழு வயதில், யூனிபார்மோடு, முன்வரிசையில். தெரிந்துகொண்டே ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், கடைசியில் கையும் தட்டினாள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது, உட்கார்ந்துதான் இருந்தேன். "அப்ப இப்ப ஏன் அந்தத் துளியச் சொல்லிச் சொல்லி..." என்று இழுத்தேன். "அதச் சொன்னா நீ வாய மூடிருவ. வேற எதச் சொன்னாலும் கேள்வியாக் கேட்டுக்கிட்டே இருப்ப." குரலில் கோபம்கூட இல்லை, மழை வருகிறது துணியை எடு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

டாக்டர் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "அப்ப மாத்திரை ஏன் போடல பெனிட்டா?" என்று கேட்டார். அவள் விரல் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். "மொத நாளு ஒண்ணு போட்டேன்" என்றாள். "நல்லாத் தூங்கிட்டேன். அதான் பயம். படுத்தா ஒடனே விடிஞ்சிருது. நடுவுல ஒண்ணுமே இல்லாம. தூங்காட்டா விடிய நேரமாவும்லா. காலைலதான் எனக்குக் கஷ்டம் டாக்டர். முழிச்சதும் நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி, மூச்சு முட்டிரும். அந்நேரம் தனியா இருக்க முடியாது." மண்ணீரல், சனி, துறவிகளின் உச்சிவெயில் பேய், எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தெரிந்து வைத்திருக்கிறேன், என் பிள்ளைக்கு எந்நேரத்தில் வலிக்கிறது என்று தெரியவில்லை. "எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா பெனி" என்றேன். "வந்தேனே" என்றாள். "தெனமும் வந்தேன். நீ எழுதிட்டு இருப்ப. கதவு சாத்தியிருக்கும்." பாத்ரூம் எங்கள் வீட்டில் பின்பக்கம். முன்னறைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நாலு மாதம், ஒவ்வொரு காலையும், அவள் அந்தப் பக்கம் நிற்க, நான் இந்தப் பக்கம் அவள் போகட்டும் என்று பேனாவோடு காத்திருந்திருக்கிறேன். "தாப்பாள் போடமாட்டேனே, தள்ளினா தெறந்திருக்குமே" என்று சொன்னேன், இது ஒரு பதிலா, ஆனால் வேறு எதுவும் வாயில் வரவில்லை. "தெரியும்" என்றாள். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது, டாக்டர் முன்னால், மூக்கு ஒழுக, முந்தானையை எடுத்துத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

டாக்டர் புதுச் சீட்டில் எழுதினார். மாத்திரையை மாற்றியிருப்பதாகவும், இதைக் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்றும், காலைப் படபடப்பு குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றும், அதுவரை அந்த நேரத்தில் தனியாக விடக் கூடாது என்றும் சொன்னார். மாடிக் கதவுக்குப் பூட்டுப் போடச் சொன்னார். ஒரு வாரம் பார்ப்போம், முடியவில்லை என்றால் அட்மிஷன், அதில் மாற்றம் இல்லை என்றார். "போடுவீங்களா?" என்று அவளைக் கேட்டார். பெனிட்டா சீட்டை வாங்கிப் படித்தாள், மேலிருந்து கீழே, ஒரு தடவை. போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ எத்தன மணிக்கு எந்திப்ப?" என்று கேட்டாள். நாலரை என்றேன். "என்னையும் எழுப்பு" என்றாள். எழுந்து, என் துணிப்பையில் தாள்களைத் தானே திணித்துக்கொண்டு வெளியே நடந்தாள். நானும் பின்னால் போகிறேன். மருந்துக்கடையில் கூட்டம் இருக்குமோ என்னவோ. நான் எழுதுகிற முன்னறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது, வெயிலில் வெளுத்துப்போய், போனதும் அதைக் கீழே கொண்டுவந்து கழுவ வேண்டும்.